பிரிண்ட் வருகிறது, ஸ்கேனர் மட்டும் கண்ணில் படவில்லை (லினக்ஸ் மின்ட் 22)

முக்குக்கடை | செவ்வாய், காலை 10:40

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தெருமுக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். கடைக் கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11 இந்தப் பெட்டியில் ஏறாது. சேக்காளி ஒருவன் வந்து லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டர் ரூட்டரோடு கேபிளில் இருக்கிறது, ஆல்-இன்-ஒன் பிரிண்டர் வைஃபையில் இருக்கிறது. பிரிண்டரை நான் ஒன்றுமே செய்யாமல் அதுவாகவே பிடித்துக்கொண்டது. பிரிண்ட் அருமையாக வருகிறது.

ஸ்கேன்தான் தகராறு. டாக்குமென்ட் ஸ்கேனரைத் திறந்தால் ஸ்கேனர் எதுவும் இல்லை என்கிறது. இணையத்தில் பார்த்து சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர் கட்டளையும் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை என்றது. விண்டோஸில் இதே மிஷின், இதே ரூட்டரில் ஒழுங்காக ஸ்கேன் ஆனது. இப்போது ஆட்கள் கொண்டுவரும் டிசியையும் ஆதாரையும் போனில் படம் பிடித்து எனக்கே வாட்ஸப்பில் அனுப்பி இறக்கிக்கொண்டிருக்கிறேன். மானம் போகிறது.

பைட்டுப்பையன் | செவ்வாய், காலை 11:05

கம்பெனி தளத்தில் லினக்ஸ் டிரைவர் இருக்கும். இறக்கிப் போடுங்கள் அண்ணே, வேலை முடிந்தது.

பழைய_ஸ்லாக்வேர் | செவ்வாய், காலை 11:20

உங்கள் யூசரை ஸ்கேனர் குரூப்பில் சேர்த்துவிட்டு லாக் அவுட் செய்து வாருங்கள். இருபது வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

வேதாளம்64 | செவ்வாய், பகல் 12:15

அவசரப்பட்டு எதையும் போட வேண்டாம். குரூப்பில் சேர்ப்பது யுஎஸ்பியில் மாட்டிய ஸ்கேனருக்கு. அங்கே சாதனக் கோப்பைத் தொட அனுமதி வேண்டும். இவர் மிஷின் நெட்வொர்க்கில் இருக்கிறது, எந்தக் குரூப்பில் சேர்த்தாலும் ஒன்றும் மாறாது. (ஸ்லாக்வேர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.)

கடைக்காரர் அண்ணன் முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒன்றுதான் என்றாலும் லினக்ஸைப் பொறுத்தவரை அது இரண்டு சாதனம். பிரிண்டை கப்ஸ் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, ஸ்கேனை சேன் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஒன்று கண்டுபிடித்ததை மற்றதிடம் சொல்லாது. அதனால் "பிரிண்ட் வருகிறதே" என்பதிலிருந்து ஸ்கேனைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு தகவல்: கம்ப்யூட்டரும் மிஷினும் ஒரே நெட்வொர்க்கில் பேசிக்கொள்கின்றன. அது நல்ல தகவல்தான்.

சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர் சொன்னதை மறந்துவிடுங்கள். அது யுஎஸ்பி, ஸ்கஸி இணைப்புகளைத் தேடத்தான் எழுதப்பட்டது. நெட்வொர்க் ஸ்கேனரை அதனிடம் கேட்டுவிட்டுப் பயப்படுகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது இங்கே வருகிறார்கள்.

நெட்வொர்க்கில் டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்ய இன்று இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று ஈஎஸ்சிஎல். ஆப்பிள் சாதனங்கள் பேசுவது, புது மிஷின்களில் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று டபிள்யூஎஸ்டி, விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்தது, கொஞ்சம் வயதான மிஷின்களில் இதுதான் இருக்கும். அலெக்சாண்டர் பெவ்ஸ்னர் எழுதிய சேன்-ஏர்ஸ்கேன் என்ற பேக்எண்ட் (சேனுக்கும் மிஷினுக்கும் நடுவில் பேசும் பகுதி) இரண்டையும் பேசும். மின்ட் 22-ல் அது ஏற்கனவே இருக்க வேண்டும்.

கீழே உள்ளவற்றைச் செய்து பதில் போடுங்கள். உச்சரிக்கிறபடி எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஸ்கேன்இமேஜ் -எல் (இதில் எல் பெரிய எழுத்து)
ஏர்ஸ்கேன்-டிஸ்கவர்

அப்புறம் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, பிரவுசரில் அந்த எண்ணுக்குப் பின்னால் /ஈஎஸ்சிஎல்/ஸ்கேனர்கேப்பபிலிட்டீஸ் என்று போட்டுத் திறங்கள். அதில் ஈ மட்டும் சிறிய எழுத்து, எஸ், சி, எல் மூன்றும் பெரிய எழுத்து. ஸ்கேனரின் எஸ்ஸும் கேப்பபிலிட்டீஸின் சியும் பெரியவை. கோணல் அடைப்புக்குறிகளாக ஒரு பக்கம் வந்தால் மிஷினுக்கு ஈஎஸ்சிஎல் தெரியும் என்று அர்த்தம்.

முக்குக்கடை | செவ்வாய், மாலை 4:30

கடையில் கூட்டம், இப்போதுதான் நேரம் கிடைத்தது. பிரிண்டர் ஐபி 192.168.1.7. பிங் அடித்தால் பதில் வருகிறது.

முதல் கட்டளை: ஸ்கேனர் எதுவும் அடையாளம் காணப்படவில்லை என்று நீளமாக ஒரு பத்தி. இரண்டாவது: டிவைசஸ் என்று தலைப்பு, கீழே எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. பிரவுசரில் 404 என்று பிழை. ஆனால் வெறும் 192.168.1.7 போட்டால் பிரிண்டரின் சொந்தப் பக்கம், மை அளவு எல்லாம் தெரிகிறது.

வேதாளம்64 | செவ்வாய், மாலை 5:10

404 என்றால் உங்கள் மிஷினுக்கு ஈஎஸ்சிஎல் தெரியாது. மிச்சம் டபிள்யூஎஸ்டிதான். விண்டோஸில் வேலை செய்தது என்கிறீர்கள், அதுவும் பொருந்துகிறது. ஒரு கேள்வி: சேக்காளி மின்ட் போட்டபோது ஃபயர்வாலை ஆன் செய்தாரா? மின்ட்டில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கூடவே வரும், ஆனால் அணைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

முக்குக்கடை | செவ்வாய், மாலை 5:25

ஆமாம்! "மின்ட் போட்டதும் செய்ய வேண்டிய பத்து வேலைகள்" என்று ஏதோ வீடியோ பார்த்து ஆன் செய்தான். பாதுகாப்பு என்றான்.

பைட்டுப்பையன் | செவ்வாய், மாலை 5:28

அப்படியென்றால் ஆஃப் செய்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கேபிள்_அண்ணாச்சி | செவ்வாய், இரவு 8:50

தம்பி பைட்டு, எல்லாவற்றுக்கும் "அவ்வளவுதான்" என்று சொல்லாதே. ஃபயர்வால்தான் காரணம் என்றால் பிரிண்டர் மட்டும் எப்படித் தானாகக் கிடைத்தது? அதை யோசி.

பதில் யுஎஃப்டபிள்யூவின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. பிரிண்டர் தன்னை எம்டிஎன்எஸ் (உள் நெட்வொர்க்கில் பெயரைச் சொல்லி அறிவிக்கும் முறை) மூலம் அறிவிக்கிறது. 224.0.0.251 என்ற பொது முகவரி, யுடிபி 5353. இந்தப் போக்குவரத்தை உள்ளே விட யுஎஃப்டபிள்யூவில் முன்கூட்டியே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஈஎஸ்சிஎல் ஸ்கேனர்களும் அதே வழியில்தான் அறிவிக்கும் என்பதால் புது மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே வராது. டபிள்யூஎஸ்டி அப்படி இல்லை. கம்ப்யூட்டர் 239.255.255.250 என்ற முகவரிக்கு யுடிபி 3702-ல் கேள்வி அனுப்பும். மிஷின் தன் சொந்த முகவரியிலிருந்து பதில் அனுப்பும்.

சிக்கல் அங்கேதான். தெருமுனையில் நின்றுகொண்டு "யார் வீட்டில் ஏணி இருக்கு?" என்று கத்துகிறீர்கள். ஏழாம் நம்பர் வீட்டுப் பையன் ஏணியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறான். வாட்ச்மேன் நோட்டைப் புரட்டுகிறார். நீங்கள் தெருவிடம் கேட்டதாகத்தான் அதில் எழுதியிருக்கிறது, ஏழாம் நம்பர் வீட்டிடம் கேட்டதாக இல்லை. பையனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். உள்ளே இருக்கிற நீங்கள் ஊரில் யாரிடமும் ஏணி இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

சோதித்துப் பார்க்க: சுடோ யுஎஃப்டபிள்யூ டிஸேபிள். உடனே ஏர்ஸ்கேன்-டிஸ்கவர். முடிந்ததும் சுடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள். மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள்.

முக்குக்கடை | புதன், காலை 9:35

அண்ணாச்சி, வந்துவிட்டது! பிரிண்டர் பெயர், சமக்குறி, எச்டிடிபி என்று தொடங்கி 192.168.1.7 வைத்து ஒரு நீள முகவரி, கடைசியில் கமா போட்டு டபிள்யூஎஸ்டி. டாக்குமென்ட் ஸ்கேனரிலும் தெரிகிறது, ஒரு ரேஷன் கார்டு ஸ்கேன் எடுத்தும் பார்த்துவிட்டேன். ஃபயர்வாலை ஆன் செய்தால் மறுபடி காணோம்.

இப்போது என்ன செய்ய? 192.168.1 வரிசை மொத்தத்தையும் அனுமதித்துவிடலாமா? ஒன்று சொல்ல வேண்டும், காத்திருக்கிற வாடிக்கையாளர்களும் இதே வைஃபையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கேபிள்_அண்ணாச்சி | புதன், காலை 10:00

அப்படியென்றால் மொத்தமாகத் திறக்கவே கூடாது. ஊர்ப்பட்ட ஆட்களின் ஆதார் நகல் இருக்கிற கம்ப்யூட்டர் அது. முதல் வேலையாக ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் போட்டு வாடிக்கையாளர்களை அங்கே மாற்றுங்கள்.

வேதாளம்64 | புதன், காலை 10:30

ஃபயர்வாலில் ஓட்டையே போட வேண்டாம். தேடும்போதுதான் பதில் தடுக்கப்படுகிறது. முகவரி முன்கூட்டியே தெரிந்தால் தேட வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் நேராக மிஷினிடம் போய்ப் பேசும். வெளியே போகிற இணைப்பை யுஎஃப்டபிள்யூ தடுக்காது, அதற்கான பதிலையும் உள்ளே விட்டுவிடும்.

ஏர்ஸ்கேன்-டிஸ்கவர் கொடுத்த அந்த வரி இருக்கிறதே, அதை அப்படியே நகலெடுங்கள். எட்ஸி அடைவில் சேன்.டி, அதற்குள் ஏர்ஸ்கேன்.கான்ஃப். அதை ரூட் அனுமதியோடு திறந்து, சதுர அடைப்புக்குள் டிவைசஸ் என்று இருக்கும் தலைப்பின் கீழே ஒட்டுங்கள். அந்தக் கோப்பில் ஒட்டுவதற்கு வசதியான வடிவத்தில்தான் அந்தக் கட்டளை பதிலே தருகிறது. ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டு ஸ்கேன்இமேஜ் -எல் கொடுத்துப் பாருங்கள்.

முக்குக்கடை | புதன், பகல் 1:15

வேலை செய்கிறது! ஃபயர்வாலும் ஆனில்தான் இருக்கிறது. சேக்காளியிடம் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறான். எதைச் சொன்னான் என்றுதான் தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி, இழையை முடித்துக்கொள்ளலாம்.

தறிநாடா | புதன், இரவு 9:20

முடிக்கும் முன் நான் கொஞ்சம் நுழைந்துகொள்ளட்டுமா? என்னுடையதும் நெட்வொர்க் ஸ்கேனர்தான், ஆனால் வேறு மாதிரி. அப்பா காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த பழைய டிசைன்கள் ஒரு டிரங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. 600 டிபிஐயில் எடுத்து வைக்க நினைக்கிறேன். பழைய யுஎஸ்பி பிளாட்பெட் ஸ்கேனரை மாடியில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் மாட்டி, சேனின் பகிர்வு நிரலான சேன்டி மூலம் நெட்வொர்க்கில் பகிர்ந்திருக்கிறேன். என் டெபியன் லேப்டாப்பில் ஸ்கேன்இமேஜ் -எல் கொடுத்தால் நெட் என்று தொடங்கி பையின் ஐபியோடு ஸ்கேனர் தெரிகிறது. ஸ்கேன் பட்டனை அழுத்தினால் அப்படியே நிற்கிறது. விளக்கு மட்டும் எரிகிறது, கடைசியில் பிழை. பையில் ஃபயர்வால் உண்டு, 6566 போர்ட்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

பழைய_ஸ்லாக்வேர் | புதன், இரவு 9:45

புது இழை போடுங்கள்.

கேபிள்_அண்ணாச்சி | புதன், இரவு 9:50

இருக்கட்டும் ஐயா, இரண்டும் ஒரே குடும்பத்து நோய்தான்.

வேதாளம்64 | புதன், இரவு 10:30

அக்கா, 6566 வெறும் பேச்சுவார்த்தைக்கு மட்டும். "உன்னிடம் என்ன ஸ்கேனர் இருக்கிறது, 600 டிபிஐ வை, தொடங்கு" என்பதெல்லாம் அதில் போகும். படம் அந்த வழியாக வராது. ஸ்கேன் தொடங்கும்போது சேன்டி வேறொரு போர்ட்டைத் திறந்து, படத்தை அங்கே வந்து எடுத்துக்கொள் என்று லேப்டாப்பிடம் சொல்லும். அது எந்த எண் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பையின் ஃபயர்வால் அதைத் தடுக்கிறது. பட்டியலில் தெரிந்தும் ஸ்கேன் தொங்குவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

பையில் சேன்டி.கான்ஃப் கோப்பைத் திறந்தால் டேட்டா_போர்ட்ரேஞ்ச் என்று ஒரு வரி, முன்னால் # குறியோடு இருக்கும். குறியை எடுத்துவிட்டு 10000 - 10100 என்று வையுங்கள். அதே எண்களை ஃபயர்வாலில் டிசிபிக்குத் திறங்கள், உங்கள் லேப்டாப்பின் ஐபிக்கு மட்டும் திறந்தால் போதும்.

அப்புறம் ஸ்லாக்வேர் ஐயா சொன்ன ஸ்கேனர் குரூப் உங்களுக்குத்தான் பொருந்தும். ஸ்கேனர் பையில் யுஎஸ்பியில் இருக்கிறது, அதைத் தொடுவது நீங்கள் இல்லை, சேன்டி என்ற யூசர். அந்த யூசர் குரூப்பில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பட்டியலில் தெரிவதால் அது ஏற்கனவே சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டியலிலேயே வராமல் இந்த இழைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து சேன்டி.கான்ஃபில் லேப்டாப்பின் ஐபி, லேப்டாப்பின் நெட்.கான்ஃபில் பையின் ஐபி, இரண்டும் இருக்கின்றனவா என்று.

பழைய_ஸ்லாக்வேர் | புதன், இரவு 10:41

பார்த்தீர்களா.

தறிநாடா | வியாழன், காலை 7:15

நூறு போர்ட் திறந்தேன், முதல் தாள் வந்துவிட்டது! சரிகை பார்டருக்கு அப்பா பென்சிலில் எழுதிய இழைக் கணக்குகூட 600-ல் தெளிவாகத் தெரிகிறது. தம்பி, ரொம்ப நன்றி. கூட்டத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கவும், ஸ்லாக்வேர் ஐயா.

மணிப்பிரவாளம் | வியாழன், காலை 11:00

எனக்கு நேர்மாறான தொல்லை, ஒரே ஸ்கேனர் இரண்டு தடவை தெரிகிறது. ஒன்று வேலை செய்கிறது, மற்றது பாதி நேரம் பிழை காட்டுகிறது.

வேதாளம்64 | வியாழன், காலை 11:20

சேனுக்குள்ளேயே ஈஎஸ்சிஎல் என்று தனி பேக்எண்ட் உண்டு, 1.0.29 பதிப்பில் சேர்த்தார்கள். அதுவும் ஏர்ஸ்கேனும் ஒரே மிஷினைத் தனித்தனியாகப் பிடித்துக் காட்டுகின்றன. சேன்.டி அடைவில் டிஎல்எல்.கான்ஃப் கோப்பில் ஈஎஸ்சிஎல் வரிக்கு முன்னால் # போடுங்கள், ஒன்றுதான் மிஞ்சும்.

பைட்டுப்பையன் | வியாழன், காலை 11:40

கேட்டுவிடுகிறேன், அப்படியென்றால் கம்பெனி டிரைவருக்கு வேலையே இல்லையா?

வேதாளம்64 | வியாழன், பகல் 12:05

இருக்கிறது, ஆனால் கடைசியில்தான். ஈஎஸ்சிஎல்லும் டபிள்யூஎஸ்டியும் இல்லாத மிஷின் என்றால் அந்தந்த வீட்டுச் சாவிதான் வேண்டும். ஹெச்பிக்கு ஹெச்பிலிப். பிரதரின் பல மாடல்களுக்கு பிஆர்ஸ்கேன்4, அதில் ஐபியை நாமே ஒரு கட்டளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். எப்சனின் எப்சன்ஸ்கேன்2-வில் நெட்வொர்க்கில் ஸ்கேன் செய்யத் தனியாக ஒரு பிளக்இன் சேர்க்க வேண்டும். கேனன் பிக்ஸ்மா வரிசைக்கு சேனிலேயே பேக்எண்ட் இருக்கிறது, அது யுடிபி 8612-ல் பேசும். இதையெல்லாம் தேவைக்கு முன்பே போட்டுக் குவித்தால் அப்புறம் பிழை வரும்போது எதைக் குறை சொல்வது என்றே தெரியாது.

முக்குக்கடை | சனி, மாலை 6:40

மன்னிக்கவும், திரும்ப வந்துவிட்டேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாயங்காலம் வந்ததும் எல்லாவற்றையும் ஆன் செய்தேன். பிரிண்ட் வருகிறது, ஸ்கேனர் பட்டியலில் பெயர் இருக்கிறது, அழுத்தினால் இணைக்க முடியவில்லை என்கிறது. கோப்பில் எழுதியது அப்படியே இருக்கிறது. 192.168.1.7-க்குப் பிங்கும் போகிறது. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், அப்போதும் அந்தப் பெயர் வேலை செய்யவில்லை. மிஷின் போய்விட்டதா?

கேபிள்_அண்ணாச்சி | சனி, இரவு 7:15

பிரவுசரில் வெறும் 192.168.1.7 போடுங்கள். மை அளவு காட்டுகிற பக்கம் வருகிறதா?

முக்குக்கடை | சனி, இரவு 7:20

வரவில்லை.

கேபிள்_அண்ணாச்சி | சனி, இரவு 7:24

அப்படியென்றால் பிங்குக்குப் பதில் சொல்வது உங்கள் பிரிண்டர் இல்லை. பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வொர்க் மெனுவுக்குப் போய் இப்போதைய ஐபியைப் பாருங்கள்.

முக்குக்கடை | சனி, இரவு 7:40

192.168.1.11! ரூட்டர் பக்கத்தில் பார்த்தேன், 7-ஆம் எண்ணில் ஏதோ ஒரு போன் இருக்கிறது. டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளருடையதாகத்தான் இருக்கும். அவர் போனிடம் போய் ஸ்கேன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேபிள்_அண்ணாச்சி | சனி, இரவு 8:05

கெஸ்ட் நெட்வொர்க் போடச் சொன்னேன், போடவில்லை. சரி.

நடந்தது இதுதான். ஐபியை ரூட்டர்தான் வாடகைக்குக் கொடுக்கிறது. ரூட்டர்கள் பலவும் கரண்ட் போனால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். திரும்ப எழுந்ததும் முதலில் வந்தவருக்கு முதல் சீட்டு. பிரிண்ட் பாதிக்கப்படாததற்குக் காரணம், அது எண்ணை நம்பவில்லை, எம்டிஎன்எஸ் பெயரை நம்புகிறது. புது எண்ணை அதுவே தெரிந்துகொண்டுவிட்டது. ஸ்கேனருக்கு நாம்தான் எண்ணைக் கையால் எழுதி வைத்தோம்.

ரூட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும், சிலவற்றில் ஸ்டேடிக் லீஸ் என்று போட்டிருப்பார்கள். பிரிண்டரின் மேக் முகவரியை (மிஷினுக்கே உரிய அடையாள எண்) கொடுத்து 192.168.1.50-ஐ அதற்கு எழுதி வையுங்கள். பிரிண்டரை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். ஏர்ஸ்கேன்.கான்ஃபில் 7-ஐ 50 என்று மாற்றுங்கள், மற்ற முகவரியைத் தொடாதீர்கள். பிரிண்டருக்குள்ளேயே நிலையான ஐபி போடவும் வழி உண்டு, ஆனால் ரூட்டருக்கு அது தெரியாமல் அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதனால் ரூட்டரிலேயே செய்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

வேதாளம்64 | சனி, இரவு 8:30

இது என் தப்பும்தான். எண்ணை எழுதச் சொன்ன அன்றே ரிசர்வேஷனையும் சொல்லியிருக்க வேண்டும்.

முக்குக்கடை | திங்கள், பகல் 3:10

50 போட்டாயிற்று, கெஸ்ட் நெட்வொர்க்கும் போட்டாயிற்று அண்ணாச்சி. இன்று காலை நானே வேண்டுமென்றே மெயின் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்தேன். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஆனால் ஸ்கேனர் வந்தது. வந்ததும் பதினெட்டு டிசி எடுத்தேன்.

ஒரே ஒரு சின்னக் கேள்வி. விண்ணப்பத் தளத்தில் 200 கேபிக்குள் பிடிஎஃப் கேட்கிறார்கள், ஸ்கேன் எடுத்தால் 2 எம்பி வருகிறது. அதைச் சுருக்க…

பழைய_ஸ்லாக்வேர் | திங்கள், பகல் 3:14

புது இழை போடுங்கள்.